ஓடு மாத்துற காசு

சம்பா நடவு முடிஞ்சிருச்சு. களை எடுக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்குது. அதனால கொஞ்சம் நீளமா எழுத நேரம் கிடைச்சிருக்கு. இந்தத் தடவை பயிர், பூச்சி, நெல்லு விலை எதுவும் கிடையாது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதப் போறேன். அதுல ஆரம்பிச்சு ஒரு இருநூறு வருஷம் பின்னாடி போயிட்டு வரலாம்.

எங்க ஊரு தஞ்சாவூர் மாவட்டம், ஒரத்தநாட்டுப் பக்கம்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஊர்ல இருக்கிறது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதுல ரோட்டைப் பாத்த மாதிரி ஒரு ஓட்டுக் கட்டடம். நீளமா ஒரு ஹால், அதை ஒட்டிக் கிழக்கால ரெண்டு ரூம். வாசல் நிலைக்கு மேல கல்லுல ஜில்லா போர்டு, 1937 ன்னு வெட்டியிருக்கும். எங்க அப்பா அங்கதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சார். நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன். என் பேத்தி இப்ப அதே பள்ளியில மூணாவது படிக்கிறா. ஆனா அவ அந்த ஹாலுக்குள்ள ஒரு நாளும் உக்காந்ததில்ல. அது பூட்டிக் கிடக்குது.

2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பையன்கள் செத்துப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைச் சோதிச்சு, ஆபத்தான கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எங்க ஊருக்கும் ஒன்றியத்து இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டிப் பாத்தார், மேல பாத்தார், எழுதிக்கிட்டுப் போனார். அன்னைக்குப் பூட்டுன பூட்டுதான். இந்த வருஷம், இடிக்கிறதுக்கு ஊர்ல தீர்மானம் போட்டுக் குடுங்கன்னு கேட்டிருந்தாங்க. நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன்.

சேதி எப்படியோ மெட்ராஸுக்குப் போயிருச்சு. அங்க வேலை பாக்குற அண்ணன் மகன் ராத்திரி போன் பண்ணினான்.

"சித்தப்பா, எப்படி இடிக்கலாம்? அது நம்ம ஊரோட பாரம்பரியம். நீங்களே கையெழுத்துப் போடுவீங்களா?"

"தம்பி, நீ பொங்கலுக்கு வந்தியே, ஹாலுக்குள்ள போயி மேல பாத்தியா?"

"இல்ல சித்தப்பா. பூட்டியிருந்துச்சு. வெளிய நின்னு போட்டோ எடுத்தேன்."

மறுநாள் தலைமையாசிரியை அம்மாகிட்ட இதைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. "ஐயா, ஒரு ஓடு சரிஞ்சு ஒரு பிள்ளை தலையில விழுந்தா, போட்டோ எடுத்தவங்களா வந்து பதில் சொல்லுவாங்க? நான்தானே சொல்லணும்?" ன்னாங்க.

ரெண்டு பேரு சொன்னதும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு தெரியல. அப்பதான், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைக் காப்பாத்துறதுக்கு ஆகுற செலவை அந்தக் காலத்துல யாரு குடுத்தா, எப்படிக் குடுத்தான்னு யோசிச்சுப் பாத்தேன். அதுக்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. ஒரத்தநாட்டுலயே அதுக்குப் பாடம் இருக்குது.

ஒரத்தநாட்டுல முக்தாம்பாள் சத்திரம்னு ஒண்ணு இருக்கு. தஞ்சாவூர்லேருந்து ராமேஸ்வரம் போற யாத்திரைக்காரங்க நடந்து போன பாதையில, மராட்டிய ராஜாக்கள் வரிசையா சத்திரம் கட்டினாங்க. பல சத்திரத்துக்கு அரண்மனைப் பொம்பளைங்க பேருதான். நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம் அந்த மாதிரி. ஒரத்தநாட்டுச் சத்திரத்தைக் கட்டினவர் ரெண்டாம் சரபோஜி. தான் விரும்பின முக்தாம்பாள் இறந்து போனப்புறம், அவங்க நினைவா 1800-ஐ ஒட்டி இதைக் கட்டினார். அடித்தளத்துல ஆனை, குதிரை பூட்டின தேர் மாதிரி வேலைப்பாடு. உள்ள முற்றம், மரத்தூண், சுத்திலும் தாழ்வாரம். நான் ஒரத்தநாட்டுக்கு ஹைஸ்கூல் படிக்கப் போன காலத்துல அதைத் தாண்டித்தான் போவேன். அப்ப எனக்கு அது ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

சத்திரம்னா சோறு போடுற இடம்னு மட்டும் நாம நினைக்கிறோம். அங்க பள்ளிக்கூடமும் நடந்துச்சு. சரபோஜி படிப்புல பைத்தியமா இருந்தவர். சரசுவதி மகாலுக்குப் புத்தகம் சேர்த்தது எல்லாருக்கும் தெரியும். அவரு அச்சுக்கூடம் வச்சு, 1806-லயே ஈசாப் கதைகளை மராட்டியில அச்சடிச்சார். சத்திரத்துல வேதம் மட்டும் இல்லாம வேற மொழிகளும் சொல்லிக் குடுக்க ஆள் வச்சார்.

இதுல கவனிக்க வேண்டியது காலம். 1799 உடன்படிக்கையோட நாட்டு நிர்வாகம் கம்பெனிக்காரன் கைக்குப் போயிருச்சு. தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும்தான் ராஜாவுக்கு மிச்சம். நாடே போனப்புறமும் 1801-ல அவரு ரெசிடெண்டுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். எதுக்குன்னா, சத்திரங்களை விட்டுடச் சொல்லி. வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு வைத்தியம், பிள்ளைத்தாச்சிக்குப் பிரசவம், வழியில செத்தவனுக்குக் காரியம்னு சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு அதுல விவரமாச் சொல்றார். கூடவே அதுக்கு விட்ட நிலத்தைப் பத்தியும் பேசுறார்.

எனக்கு இந்த நில விஷயம்தான் முக்கியமாப் படுது. சத்திரம் கட்டினவங்க கட்டடத்தை மட்டும் கட்டிட்டுப் போகல. நஞ்சை, புஞ்சைன்னு பல ஊர்கள்ல நிலத்தையும் எழுதி வச்சாங்க. நெல்லு வந்துக்கிட்டே இருக்கும். அந்த நெல்லுதான் சோறு, அதுதான் வாத்தியார் சம்பளம், அதுதான் ஓடு மாத்துற கூலி, சுண்ணாம்பு அடிக்கிற கூலி. வருஷா வருஷம் யாருகிட்டயும் போயி நிக்க வேண்டாம். திருவையாத்து அரசர் கல்லூரி 1881-லேருந்து காவிரிக் கரையில நிக்கிறதும் சத்திரத்துச் சொத்தோட பலத்துலதான்.

சரி, அந்தக் காலமே பொற்காலம்னு சொல்ல வரல. அதுல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. நெல்லை விளைவிச்சுக் குடுத்தவன் வேற, உள்ள உக்காந்து படிச்சவன் வேற. எங்க தாத்தா காலத்துல, சத்திரத்து விடுதியில எங்களை மாதிரிக் குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடையாது. மூட்டை தூக்கிட்டுப் போனா களஞ்சியம் வரைக்கும் போகலாம், அத்தோட சரி. சேரிப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

இதை மாத்தினதுல ஒருத்தரு பேரை மறக்கக் கூடாது. சர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர். 1920-கள்ல தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குத் தலைவரா இருந்தார். சத்திரங்கள் அப்ப ஜில்லா போர்டு கையில. ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளை பிராமணர் அல்லாத பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது அவரோட காலத்துலதான். திருவையாத்துல வடமொழி மட்டும் இருந்த கல்லூரியில தமிழையும் கொண்டு வந்தார். 1940-ல அவரு போன விமானம் ஓமன் பக்கம் கடல்ல காணாமப் போயிருச்சு. அவரு உடம்பு கூடக் கிடைக்கல. ஆனா அவரு திறந்துவிட்ட கதவு வழியா எத்தனையோ பிள்ளைங்க உள்ள போனாங்க. என் கூட ஹைஸ்கூல் படிச்ச பசங்கள்ல சில பேரு விடுதியில தங்கிப் படிச்சவங்கதான். ஒருத்தன் பின்னாடி வேளாண்மைத் துறையில அதிகாரியா ஆனான். அவன் அப்பா எங்க வயல்ல கூலிக்கு வந்தவர்.

அதனால ஒரு பழைய கட்டடத்துக்குப் பொதுப்பணத்தைப் போடலாமான்னு யாராவது கேட்டா, நான் முதல்ல கேக்குறது இதுதான்: உள்ள யாரு போறாங்க? ஊரு மொத்தமும் போறதா இருந்தா போடலாம். நாலு பேரு வேடிக்கை பாக்க மட்டும்னா யோசிக்கணும்.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வர்றேன். எங்க குடும்பத்துக்கு இருந்த நிலத்துல ஒரு பங்கு சத்திரத்து நிலம். எங்க தாத்தா காலத்துலேருந்து குத்தகைக்குச் சாகுபடி பண்றோம். சத்திரத்துச் சொத்தெல்லாம் இப்ப மாவட்ட ஆட்சியர் பொறுப்புல இருக்குது, அதுக்குத் தனி அலுவலகமே உண்டு. குத்தகைன்னா இன்னைக்கு வெளிய தனியார்கிட்ட குடுக்கிற குத்தகைக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தச் சின்னக் குத்தகையைக் கூட நாங்க ஒழுங்காக் கட்டினதில்ல. தண்ணி வராத வருஷம் கட்டல, அது நியாயம். தண்ணி வந்த வருஷமும் பழைய பாக்கியைக் கட்டல. "சத்திரத்துக்குத்தானே, யாரு கேக்கப் போறா" ன்னு அப்பா சொல்லுவார். நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எங்க ஒருத்தரை மட்டும் சொல்லல. அக்கம்பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச பல பேரு கதையும் இதுதான். குத்தகை வரல. வந்த கொஞ்சமும் ஆள் சம்பளத்துக்குப் போச்சு. கட்டடத்துக்கு மிச்சம் எங்க இருக்கும்? நான் ரோட்டுல போறப்பல்லாம் சத்திரத்துச் சுவர்ல அரசஞ்செடி முளைச்சிருக்கிறதைப் பாப்பேன். "கவர்மெண்டு இதைக் கூடப் பாக்க மாட்டேங்குது" ன்னு டீக்கடையில பேசுவேன். அந்தச் செடியைப் பிடுங்கற கூலி என் வீட்டுக் குதிர்ல இருந்துச்சுன்னு தோண இவ்வளவு வயசு ஆயிருச்சு.

இனி கட்டட விஷயம். நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சா, செலவு எதுக்குன்னு புரியும்.

எங்க பள்ளிக்கூட ஹால் சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர். மேல தேக்கு உத்தரம், கைமரம், ரீப்பர், அது மேல சீமை ஓடு. நாங்க மங்களூர் ஓடுன்னும் சொல்லுவோம். 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல முதல் ஓட்டுச் சூளையைப் போட்டாங்க, அங்கேருந்து பரவினது. ஓட்டைத் திருப்பிப் பாத்தா சூளைப் பேரு அச்சுக் குத்தியிருக்கும். சின்ன வயசுல உடைஞ்ச ஓட்டுல அந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிச்சிருக்கோம்.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் ஒரு தடவை கவனிச்சா நூறு வருஷம் நிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு ஆள் மேல ஏறி, விரிஞ்ச ஓட்டை எடுத்துட்டு வேற ஓடு போடணும். எலி, குரங்கு நகட்டின ஓட்டைச் சரி பண்ணணும். சுவர்ல செடி முளைச்சா வேரோட எடுக்கணும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கணும். ரெண்டு நாள் வேலை, ரெண்டு ஆள் கூலி, கொஞ்சம் ஓடு. இதை விட்டுட்டா, ஒரு ஓடு விரிஞ்ச இடத்துல தண்ணி இறங்கும். ரீப்பர் ஊறும். ஊறின மரத்துல கரையான் ஏறும். கரையான் கைமரத்துக்குப் போகும், அங்கேருந்து உத்தரத்துக்கு. பத்து வருஷத்துல கூரையே தொங்கிரும். அன்னைக்கு ஓடு மாத்தாதவன் இன்னைக்குக் கூரையையே மாத்தணும். எங்க வீட்டுக்கும் இதே கணக்குதான், மாட்டுக்கொட்டாய்க்கும் இதே கணக்குதான்.

இன்னொண்ணு, அரைகுறை வைத்தியம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். உள்ள ஏறின ஈரம் வெளிய வந்துரும். அது மேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும். உப்பு பூத்துச் செங்கல் பொடிப்பொடியா உதிரும். எங்க பள்ளிக்கூடத்துக் கிழக்கு ரூமுக்கு நடந்தது இதுதான். எப்பவோ ஒரு தடவை பராமரிப்புப் பணம்னு வந்ததுல, நல்லா இருக்கட்டும்னு சிமெண்டு பூசிட்டாங்க. அப்ப நாங்களும் பாத்துட்டு, பளபளன்னு இருக்குதேன்னு சந்தோஷப்பட்டோம். சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியில அரைச்சுப் பூசுற கொத்தனார் எங்க பக்கத்துல ஒருத்தர் இருந்தார். அவரு போனப்புறம் அவரு மகன் திருப்பூருக்குப் போயிட்டான். இன்னைக்கு அந்த வேலைக்கு ஆள் தேடி வெளியூர் போகணும். பழைய கட்டடத்தைச் சரி பண்ற செலவு ஏறினதுக்கு இதுவும் ஒரு காரணம். சாமான் விலையை விட, கை தெரிஞ்ச ஆளோட விலை அதிகம்.

எங்க ஊருக்காரங்க பள்ளிக்கூடத்துக்குக் குடுக்காதவங்க இல்ல. 1958-லேருந்து காமராஜர் ஆட்சியில பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடந்துச்சு. அப்பக் கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதுக்கு ஓடியாடி வேலை செஞ்சவர். பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு ஒரு பட்டியல் போடுவாங்க. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம், கட்டடம்னு ஊருக்காரங்க ஆளுக்கு ஒண்ணு ஏத்துக்குவாங்க. எங்க அப்பாயி ஒரு வெண்கல மணி வாங்கிக் குடுத்தாங்க. பள்ளிக்கூடம் விடுறப்ப அடிக்கிறது இன்னைக்கும் அந்த மணிதான்.

ஆனா அதுலயும் ஒரு குறை இருந்துச்சு. எல்லாரும் புதுசா ஒண்ணு குடுத்தாங்க. அடுத்த வருஷம் ஓடு மாத்துறதுக்குன்னு யாரும் ஒரு மரக்கா நெல்லு எழுதி வைக்கல. எழுதி வைக்கணும்னு தோணல. ஓடு மாத்தினவனுக்குக் கல்வெட்டு உண்டா? அந்த நேரத்துலதான் ஜில்லா போர்டும் போயி, ஆரம்பப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியத்துக் கைக்கு வந்துச்சு. ஒன்றியத்துக்கு ரோடு இருக்கு, தண்ணி இருக்கு, தெருவிளக்கு இருக்கு. பழைய ஓடு கடைசியில போயிருச்சு.

பட்டணத்துலயும் இதே கதைதான். 2003-ல மெட்ராஸ் ராணி மேரிக் கல்லூரி இருக்கிற இடத்துல புதுத் தலைமைச் செயலகம் கட்டப் போறதாச் சொன்னப்ப, அந்தப் பொம்பளைப் பிள்ளைங்க உள்ளயே உக்காந்து போராடினாங்க. தமிழ்நாடே பாத்துச்சு. கல்லூரி நின்னுச்சு. ஆனா அந்தக் கல்லூரி 1914-ல ஆரம்பிச்ச பழைய கட்டடம், கேப்பர் ஹவுஸ், ஏற்கனவே பழுதாகிக் கிடந்தது. பின்னாடி அதை இடிச்சு, அங்க புதுக் கட்டடம் வந்துச்சு. போராட்டத்தால புல்டோசரைத் தடுக்க முடிஞ்சுது. மழைத்தண்ணியை எப்படித் தடுக்கிறது? பாரம்பரியக் கட்டடங்களுக்குன்னு 2012-ல சட்டசபையில ஒரு சட்டமும் வந்துச்சு. சட்டம் இடிக்காதேன்னு சொல்லும். மேல ஏறி ஓடு மாத்தாது.

அதுக்காக, எதையும் இடிக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். 2004 ஜூலை 16. கும்பகோணம். கூரையில பிடிச்ச தீயில 94 பிள்ளைங்க. அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஊர்ல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியல. என் மகளுக்கு அப்ப எட்டு வயசு. ராத்திரி முழுக்க அவளைப் பக்கத்துலயே போட்டுக்கிட்டுக் கிடந்தோம். அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக்கொட்டாயை எல்லாம் பிரிக்கச் சொன்னப்ப, பழசு, அழகுன்னு யாராவது பேசியிருந்தா அடிச்சே போட்டிருப்பாங்க. பிள்ளைங்க உசுருக்கு அப்புறம்தான் கட்டடம்.

2022 பட்ஜெட்டுல பேராசிரியர் அன்பழகன் பேருல பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு அறிவிச்சாங்க. அஞ்சு வருஷத்துல 7,000 கோடி ரூபாய். புது வகுப்பறைங்க வருது. நல்ல விஷயம், வேணும்தான். எங்க பள்ளிக்கும் புதுசா ரெண்டு வகுப்பறை வந்திருக்கு. என் பேத்தி அதுலதான் உக்கார்றா. ஆனா எனக்கு ஒரு பயம் இருக்குது. கான்கிரீட்டுக்கும் வயசு உண்டு. மொட்டை மாடியில இலை அடைச்சுத் தண்ணி தேங்கினா, உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு ஊதும், பூச்சு பேந்து விழும். போன வாரம் மாடியில ஏறிப் பாத்தேன். தண்ணி போற குழாய் வாயில வேப்பிலை அடைச்சிருந்துச்சு. கையால எடுத்துப் போட்டுட்டு வந்தேன். 1937 கட்டடத்துக்கு நாம செஞ்சதையே இதுக்கும் செஞ்சா, என் பேத்தியோட பிள்ளை படிக்கிறப்ப இதையும் பூட்டி வைப்பாங்க. மறுபடியும் பொதுப்பணம்தான் போகும். இடிக்க ஒரு தடவை, கட்ட ஒரு தடவை.

பழைய கட்டடத்தைக் காப்பாத்த ஆகுற செலவு ஜாஸ்தின்னு சொல்றோமே, அதுல பெரும் பங்கு, நாம வருஷா வருஷம் குடுக்காம விட்ட சின்னச் சின்னக் காசு வட்டியோட வந்து நிக்கிறதுதான். சரபோஜி நிலத்தை எழுதி வச்சப்ப இந்த வட்டியைத்தான் தவிர்த்தார்னு நினைக்கிறேன்.

இனி எங்க ஊர்ல நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப, எங்க தென்னை எல்லாம் சாஞ்சுது. ஊர்ல பாதிப் பேரு வீட்டுக் கூரை போச்சு. அன்னைக்கு ராத்திரி நாங்க தஞ்சம் புகுந்தது இந்த ஹால்லதான். மேற்குப் பக்கத்து ஓடு கொஞ்சம் பறந்துச்சே ஒழிய, சுவர் அசையல. அப்பப் பறந்த ஓட்டுக்குப் பதிலா ஒரு தார்ப்பாயைப் போட்டோம். தார்ப்பாய் ரெண்டு வருஷத்துல கிழிஞ்சுது. ஓடு போடல. எங்களைக் காப்பாத்தின கூரையை நாங்க அப்படித்தான் வச்சிருந்தோம்.

கூட்டத்துல இதை எழுந்திரிச்சுச் சொன்னேன். சத்திரத்துக் குத்தகைப் பாக்கியையும் சேத்துச் சொன்னேன். சொல்றப்ப எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. பின்னாடி உக்காந்திருந்த மாமா ஒருத்தர், "நீ எதுக்குடா அதையெல்லாம் இங்க பேசுற" ன்னார். தலைமையாசிரியை அம்மா, "பேசட்டும் ஐயா" ன்னாங்க.

கடைசியில முடிவானது இது. கிழக்கால இருக்கிற ரெண்டு ரூமும் இடிக்கலாம். சிமெண்டு பூசின சுவர் வயிறு தள்ளி நிக்குது, அதைக் காப்பாத்த முடியாது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஹாலை மட்டும் திரும்ப ஒரு தடவை சோதிக்கச் சொல்லி மனு குடுத்தோம். இன்ஜினியர் வந்து பாத்துட்டு, சுவர் நல்லாத்தான் இருக்கு, கூரைதான் மோசம், கூரையைச் சரி பண்ணினா மறுபடி பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கார். இடிக்கிற ரூம்லேருந்து எடுக்குற மரத்தையும் ஓட்டையும் ஏலம் விடாம ஹாலுக்கே போட அனுமதி கேட்டிருக்கோம். கூரையைச் சரி பண்ற வரைக்கும் ஒரு பிள்ளையும் உள்ள போகக் கூடாதுன்னு தலைமையாசிரியை அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதுவும் சரிதான்.

எனக்கு அதை விடப் பெரிசாப் படுறது இன்னொரு தீர்மானம். கோயில் குளத்து மீன் குத்தகையில ஊர்ப் பொதுவுக்கு வர்ற பணம் உண்டு. அதை வழக்கமாத் திருவிழாவுல மைக்செட்டுக்கும் வாணத்துக்கும் செலவு பண்ணுவோம். இந்த வருஷத்துலேருந்து அதுல மூணுல ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கு. அதுவும் ஓடு மாத்தவும், மாடியில இலை வாரவும் மட்டும். வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. இளவட்டங்க முகம் சுளிச்சாங்க. வாணம் கொஞ்சம் குறையும்.

அண்ணன் மகன்கிட்ட இதைச் சொன்னேன். "சித்தப்பா, நாங்க மெட்ராஸ்ல இருக்கிறவங்க சேந்து ஒரு தொகை அனுப்புறோம்" ன்னான். "ஒரே தடவை பெருசா அனுப்பாத தம்பி. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி கொஞ்சம் அனுப்பு. அதுவும் விடாம அனுப்பு" ன்னு சொல்லியிருக்கேன். உங்கள்ல யாருக்காவது ஊர்ல இந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடம் இருந்தா, அடுத்த தடவை போறப்ப போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி, ஓடு மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டுப் பாருங்க.

நானும் போன திங்கக்கிழமை தஞ்சாவூர் போயி, சத்திரத்து ஆபீஸ்ல பழைய பாக்கியில ஒரு பகுதியைக் கட்டிட்டு ரசீது வாங்கிட்டு வந்தேன். மிச்சத்தை அறுவடைக்கு அப்புறம் கட்டணும். ரசீது போட்ட தம்பி என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். யாரும் கேக்காம வந்து கட்டுறேனேன்னு நினைச்சிருப்பார் போல.